ஆளெடுப்பு ஓட்டம்

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஓர் ஐப்பசி மாதம், கொல்லிமலை அடிவாரத்தில் பட்டாளத்து லாரி ஒன்று வந்து நின்றது. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் தலைச்சுமையாக மேலே ஏறும்; மிளகும் பலாவும் அப்படியே கீழே இறங்கும். சக்கரம் வைத்த எதுவும் எங்கள் பக்கம் வந்ததில்லை. அதனால் லாரியைப் பார்க்கவென்றே சிலர் பாறை விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடிய அந்தப் பச்சை வண்டி புளியமரத்தடியில் நாள்கணக்கில் அசையாமல் நின்றது. பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. போன பங்குனியில் இதேபோல் ஒரு லாரி கீழ்நாட்டு ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஏறியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அந்த ஊர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் செம்மேட்டுச் சந்தையில் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். எங்கேயோ கிழக்கே, காட்டிலும் மலையிலும் சண்டை நடக்கிறது. அங்கே மூட்டையோடு ஏறி இறங்கும் கால்கள் வேண்டும். ஆகவே மலைக்காரர்களுக்கு ஓர் ஓட்டம் வைக்கப்போகிறார்கள். அடுத்த சந்தையன்று விடிந்ததும் அடிவாரத்தில் கிளம்பி, செம்மேடு வரை ஓடி ஏறி, அங்கே உட்கார்ந்திருக்கும் ஃபாரஸ்ட் கார்டிடம் உள்ளங்கையில் மை வாங்கிக்கொண்டு, திரும்ப லாரி நிற்கும் இடத்துக்கு இறங்கி வர வேண்டும். முதலில் வரும் எட்டுப் பேருக்குப் பட்டாளத்தில் வேலை. பூட்ஸ், கம்பளி, இரண்டு வேளையும் அரிசிச் சோறு, கப்பல் பயணம்.

தமுக்குக்காரன் கப்பல் என்று சொன்னபோது என் மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் மனைவியின் அண்ணன் அவன். எனக்கு ஒரு வயது மூத்தவன். சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். காலையில் அடிவாரத்துக்குச் சுமை இறக்கிவிட்டு மத்தியானத்துக்குள் மேலே வந்து, மிளகுக்கொடி கட்ட மரமேறுகிறவன். அவனைவிட வேகமாக மலையேறும் ஆள் எங்கள் தேவனூர் நாட்டில் இல்லை.

“ஓடலாமா மாப்ள?” என்றான்.

“ஓடலாம்” என்றேன்.

அவனுக்குக் கப்பல் ஆசை. எனக்குக் கப்பலும் வேண்டாம், சோறும் வேண்டாம். அந்த மலையை விட்டுப் போனால் போதும். முந்தின வருஷம் மழை விட்டதும் வந்த காய்ச்சலில் எங்கள் குழந்தை போயிருந்தது. பேச்சு வரத் தொடங்கியிருந்த பெண் குழந்தை. வீட்டுக்குப் பின்னால் பலாமரத்து நிழலில் புதைத்திருந்தோம். காட்டுக்குப் போனாலும் தண்ணீருக்குப் போனாலும் அந்த மரத்தைக் கடந்துதான் போக வேண்டும். நானும் அதே காய்ச்சலில் மூன்று முறை படுத்து எழுந்தவன். ஒவ்வொரு முறையும் குளிர் வந்து உடம்பை உதறும்போது, இந்த மண்ணில் இருந்தால் இதற்கு முடிவே இல்லை என்றுதான் தோன்றும்.

ஓட்டத்துக்கு முந்தின சாயங்காலம் என் மனைவி வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் ஓடறீங்களா?”

“ஆமா.”

“அண்ணனும்?”

“ஆமா.”

உலக்கையை நிறுத்தாமலே கேட்டாள்: “ரெண்டு பேருமே எட்டுல வந்துபோட்டா நான் ஆரைங்க கேக்கறது?”

எதைக் கேட்பது என்று அவள் சொல்லவில்லை.  தானியத்தைப் புடைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழுதிருந்தாலோ சண்டை பிடித்திருந்தாலோ எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விடியும் முன்பே நானும் மச்சானும் இறங்கிவிட்டோம். அடிவாரத்தில் ராவுத்தர் கடையில் சுக்குக் காப்பி குடித்தோம். மலை மிளகை வாங்கி டவுனுக்கு அனுப்புகிறவர் அவர். எங்கள் அப்பன் காலத்திலிருந்தே பழக்கம். காப்பிக் குவளையை என் கையில் கொடுத்தவர் விடவில்லை.

“ஏந் தம்பி, போன மாசம் மூட்டையை எறக்கறப்ப விலாவைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தியே, அது தேவலையா?”

“அது அன்னிக்கே போயிருச்சுங்க.”

“காய்ச்சக்கட்டியா இருக்கப்போவுது. காய்ச்ச வந்து வந்து மண்ணீரலு வீங்கிக் கட்டியாட்டம் ஆயிரும். உங்க மலையில முக்காவாசிப் பேருக்கு வவுத்துல அது இருக்குது. டாக்டரு வந்திருக்காரு. ஓடறதுக்கு முன்னால ஒருக்காக் காட்டிரு.”

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். விலா வலியைப் பற்றி நான் அவனிடம் சொன்னதில்லை.

லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு, கழுத்தில் குழாய் தொங்க, இளவயது டாக்டர் உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன். அவர் நிமிர்வதற்குள் காக்கிச் சட்டை ஹவில்தார் குறுக்கே வந்தார்.

“ஓட்டம் முடிஞ்சுதான் வைத்தியம். இத்தனை பேரையும் இவரு தொட்டுத் தொட்டுப் பார்த்தா பொழுது சாஞ்சுடும். வந்து சேர்ற எட்டுப் பேரைப் பார்த்தாப் போதும். போ, வரிசையில நில்லு.”

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

நாற்பது பேர் இருந்திருப்போம். எல்லோருக்கும் வெறுங்கால், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தோம். திருவிழா ஓட்டமாக இருந்தால் ஊரே வந்து சீழ்க்கை அடிக்கும். அன்று ஒரு சீழ்க்கையும் இல்லை. ஹவில்தாரின் விசில் மட்டும் ஊதியது. நாங்கள் காட்டுக்குள் நுழைந்தோம்.

முதல் ஏற்றத்தில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு ஓடினோம். பிறகு பாதை செங்குத்தானதும் கூட்டம் நூலாக நீண்டது. மச்சான் எனக்கு நாலைந்து ஆள் முன்னால் போனான். நான் மூச்சை அளந்து விட்டுக்கொண்டு அவன் முதுகையே பார்த்து ஏறினேன். நான்கு நாளாக மழை இல்லை, ஆனால் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. பாறைகளில் பாசி. கணுக்காலில் அட்டை ஏறியது தெரிந்தும் யாரும் குனியவில்லை. எதிரே சுமையோடு இறங்கி வந்தவர்கள் பாதையை விட்டு விலகி நின்றார்கள். தெரிந்த முகங்கள்தான். ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பாடை போகும்போது ஒதுங்கி நிற்பதுபோல, சுமையைக்கூட இறக்காமல், தலையைக் குனிந்து நின்றார்கள்.

பாதி மலையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு பெண் பாதையின் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் ஓடியவனின் தாய். அவன் தாண்டப் போனபோது அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டாள். அவன் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு ஓடினான். பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் அவள் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நான் தாண்டும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ ஆரு பெத்த புள்ளையோ சாமி” என்றாள்.

எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவன் அதற்குமேல் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் பாதையை விட்டு இறங்கி, பக்கத்தில் இருந்த யாருடையதோ கேழ்வரகுக் காட்டில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். அதற்காகவே வந்தவன் போல, நிதானமாக.

வலி அந்த இடத்துக்கு மேலேதான் தொடங்கியது. முதலில் இடது விலாவுக்கு அடியில் ஒரு பிடிப்பு. ஓடினால் எல்லோருக்கும் வருவதுதானே என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் அது பிடிப்பாக இல்லை. வயிற்றுக்குள் யாரோ ஒரு கல்லைத் தொங்கவிட்டதுபோல, ஒவ்வோர் அடிக்கும் அது ஆடியது. கையால் அமுக்கினால் கல் கையில் தட்டுப்பட்டது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி தொட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை.

வழக்கமாகச் சந்தை இரைச்சல் செம்மேட்டுக்கு வெகுதூரம் முன்பே கேட்கும். அன்று வீடுகள் தெரிந்த பிறகும் கேட்கவில்லை. பனிமூட்டம் இறங்கியிருந்தது. கடை விரித்தவர்கள் அப்படி அப்படியே உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். கார்டு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையை நீட்டினால், ஊதா மையில் நனைத்த துணியை வைத்து அழுத்தினான். எனக்கு முன்னால் யாரோ, “எத்தனை பேர் முன்னால போயிருக்காங்க?” என்று கேட்டான். “கையை நீட்டு” என்பதைத் தவிர கார்டு யாரிடமும் எதுவும் பேசவில்லை.

வாழைக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். சந்தைக்கு வருவதாக அவள் சொல்லவில்லை. எனக்காகக் காத்து நின்ற மச்சான் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தான். அவள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அண்ணனின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. மை காயட்டும் என்று கையை உதறிக்கொண்டு நான் நிற்காமல் கிளம்பிவிட்டேன். மச்சான் ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் மலை இறங்கிப் பார்க்காதவர்கள். ஏறும்போது ஆடிய கல் இறங்கும்போது இடித்தது. கால் கீழே விழும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வந்து போயிற்று. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். இப்படியே போனால் இரண்டு பேருக்கும் இடம் உண்டு.

ஓடையைத் தாண்டும் இடத்தில் மச்சான் நின்றான். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேவிட்டான்.

“மாப்ள, இத்தோட நின்னுக்கலாம்.”

“ஏன், கால் சுளுக்கிருச்சா?”

“காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எனக்கு மனசில்லை.”

“இவ்வளவு தூரம் வந்துபோட்டா?”

“வந்தா என்ன? இப்படியே ஊட்டுக்குப் போலாம் வா. கையில மை இருந்தா நாளைக்கு அழிஞ்சுட்டுப் போவுது.”

ஊரிலேயே வேகக்காரன், மூச்சுக்கூட வாங்காமல் உட்கார்ந்து இதைச் சொல்கிறான். தங்கையைப் பார்த்ததும் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது.

“நீ வேண்ணா நில்லு. நான் போறேன்.”

எழுந்து வந்து என் வேட்டி முடிச்சைப் பிடித்தான். “உன்ற மூஞ்சியைப் பாத்தியா? சித்த உக்காரு. உக்காந்துட்டு அப்புறம் வேண்ணாப் போ.”

உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் அது தெரிந்துதான் சொல்கிறான் என்றும் தெரிந்தது. அந்தக் கல்லைப் பார்த்தேன். நனைந்து, அகலமாக, இரண்டு பேர் உட்காரும்படி இருந்தது. திரும்பிப் போனால் சாயங்காலம் வீடு. பலாமரம். அடுத்த மழை, அடுத்த குளிர், அடுத்த காய்ச்சல். என் உடம்பு உட்காரத்தான் கேட்டது. அவன் கையைத் தட்டிவிட்டு ஓடையைத் தாண்டினேன். பின்னால் அவன் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் தனி ஆள். பனிமூட்டம் கீழே இறங்க இறங்கக் கெட்டியானது. நாலு மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போனவர்களின் சத்தம் இல்லை. குருவி இல்லை, குரங்கு இல்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பாதை வளையும் ஒரு பாறையில் மூட்டம் கொஞ்சம் விலகியது. கீழே, நகத்தளவு, அந்த லாரி தெரிந்தது. பின்பக்கத் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. அதைப் பார்த்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. ஏறின பிறகு யார் சொல்லியும் இறங்க முடியாதே என்று அப்போதுதான், ஓட்டம் முடியப்போகிற நேரத்தில்தான், எனக்கு உறைத்தது. பாறையில் உட்கார்ந்தேன். வலி முதுகு வழியாக இடது தோள்வரை ஏறியிருந்தது. விலாவில் வலித்தது ஏன் தோளுக்கு வந்தது என்று புரியாமல் பயந்தேன். போதும், மச்சான் சொன்னதுபோல நின்றுகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் உடம்பு லேசாகி, அழுகைகூட வந்தது.

அப்போதுதான் மேலே பாதையில் ஒரு கல் உருண்டது.

திரும்பிப் பார்த்தேன். வெறும் மூட்டம். ஓடும் ஆளாக இருந்தால் அடுத்த அடி கேட்க வேண்டும். கேட்கவில்லை. நான் எழுந்து நாலடி வைத்தேன். பின்னால் சருகு நெரிபடும் சத்தம். நின்றேன். அதுவும் நின்றது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் சிறுத்தை ஒன்று ஆடு பிடித்துக்கொண்டிருந்தது. மனிதனைப் பின்தொடரும்போது அது இப்படித்தான், நின்றால் நிற்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேறொன்றும் தோன்றியது, அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. போன வருஷம் வீட்டில் சின்னக் கால்கள் என் பின்னால் இப்படித்தான் வந்து நிற்கும். இரண்டில் எதுவாக இருந்தாலும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ஓடினேன். முடிவு எல்லாம் போன இடம் தெரியவில்லை. சறுக்கினேன், வேரைப் பிடித்தேன், மறுபடி ஓடினேன். வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டே ஓடினேன். பின்னால் அந்தச் சத்தம் விடாமல் வந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. புளியமரம் கண்ணில் பட்டபோது யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

“எட்டு” என்றார் ஹவில்தார்.

டாக்டரின் பெஞ்சில் என்னைப் படுக்க வைத்தார்கள்.

“மூச்சை உள்ளே இழு. இன்னும் நல்லா.”

அவர் விரல்கள் என் வயிற்றில் அடியிலிருந்து மேலாக வந்தன. தொப்புளுக்குப் பக்கத்திலேயே நின்றன. அதுவரை என் முகத்தைப் பார்க்காதவர் முதல் முறையாகப் பார்த்தார். பையிலிருந்து மைப்பென்சிலை எடுத்து, எச்சில் தொட்டு, விலாவிலிருந்து தொப்புள்வரை வளைவாக ஒரு கோடு போட்டார்.

“இது எவ்வளவு நாளா இருக்கு?”

“தெரியாதுங்க.”

“வழியில எங்கயாவது விழுந்தியா?”

“இல்லீங்க. சறுக்குச்சு. வேரைப் புடிச்சுக்கிட்டேன்.”

“விழுந்து ஒரு கல்லுல வயிறு மோதியிருந்தா, இது உள்ளேயே வெடிச்சிருக்கும். இங்க வந்து சேர்ந்திருக்க மாட்ட.” சந்தையில் விலை சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு ஹவில்தாரிடம் திரும்பினார். “இவன் வேண்டாம். முன்னால வந்ததுல அந்த ரெண்டு பேருக்கும் இதே கதைதான். மூணு பேரு கம்மி.”

ஹவில்தார் வாய்க்குள் திட்டினார். “சரி, அடுத்து வந்தவன் யாரு? கூப்பிடு.”

என் தலைமாட்டில் நின்றிருந்த மச்சான் ஓரடி முன்னால் வந்தான். அவன் எப்போது வந்தான் என்று எனக்குத் தெரியாது. ஓடையில் உட்கார்ந்தவன் இவ்வளவு சீக்கிரம் எப்படி இங்கே என்று யோசிக்கும் நிலையிலும் நான் இல்லை. டாக்டர் அவன் வயிற்றை அமுக்கினார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“வர்றியாடா?” என்றார் ஹவில்தார்.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் வயிற்றில் ஊதாக் கோட்டோடு மல்லாந்து கிடந்தேன்.

“மச்சான், வேண்டாம்” என்றேன்.

அவன் ஹவில்தாரிடம், “எழுதிக்கங்க” என்றான்.

பேர் எழுதும்வரைதான் நேரம். அவனுக்கு அடுத்து வந்த இரண்டு பேரையும் பார்த்து ஏற்றினார்கள்; மற்றவர்கள் ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

“தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடு.”

“என்னன்னு சொல்ல?”

“பாத்துச் சொல்லு மாப்ள.”

தார்ப்பாயை இறக்கிக் கட்டினார்கள். அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்றுகூடத் தெரியாமல் வண்டி கிளம்பிப் போயிற்று.

என்னை மலையேறவிடாமல் ராவுத்தர் தன் கடையிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தார். மறுநாள் காலையில் என் மனைவி இறங்கி வந்தாள். யாரோ அவளிடம் பாதிக் கதையைச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்றே கேட்டாள்.

“அண்ணன் எங்கீங்க?”

பாத்துச் சொல்லு என்றான். எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். மிளகு மூட்டையில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

“உங்க ஒதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடந்துச்சு. எப்பிடியாச்சும் இவரை நிறுத்திப்போடு அண்ணான்னு நாந்தானுங்க அவனுக்குச் சொன்னேன்.”

 டோலி கட்டி என்னை மேலே தூக்கிப் போனார்கள். அவள் பின்னாலேயே நடந்து வந்தாள். அந்த மாதம் முழுக்க எனக்குக் காய்ச்சல். மூட்டை தூக்கக் கூடாது, மரமேறக் கூடாது என்று டாக்டர் ராவுத்தரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மச்சான் காட்டை நான் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சந்தையன்று யாராவது வெள்ளை வேட்டி கட்டி எங்கள் வாசலை நோக்கி வந்தால் கெட்ட சேதியோ என்று என் மனைவி அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். நான்தான் வெளியே வந்து என்னவென்று கேட்க வேண்டும்.

சண்டை முடிந்து அடுத்த வருஷம் அவன் வந்தான். அந்த லாரியில் போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. இவன் முழுசாக வந்தான், ஆனால் தோல் மஞ்சள் பாரித்து, மஞ்சக்காமாலைக்காரன் போல இருந்தான். அங்கே காட்டில் காய்ச்சல் வராமல் இருக்கத் தினமும் ஒரு மஞ்சள் மாத்திரை கொடுப்பார்களாம். முழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்களாம். அவன் பல நாள் அதை நாக்கடியில் ஒளித்து, துப்பி, காயவைத்துச் சேர்த்திருந்தான். ஒரு தகர டப்பா நிறைய. வந்த அன்றே அதை என் முன்னால் வைத்தான்.

“உன்ற வவுத்துக்கு” என்றான்.

நானும் முழுங்கினேன், நானும் மஞ்சளானேன். அந்த மழைக்காலத்தில் எனக்குக் குளிர் வரவில்லை.

சண்டையைப் பற்றி அவன் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. மாசியில் மிளகு பறிக்கும்போதுதான் அந்த நாளைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தது. அவன் மூங்கில் ஏணியில் மேலே நின்று சரம் சரமாகப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஏறக்கூடாதவன் என்பதால் நான் கீழே நின்று பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஏன் மச்சான், அன்னிக்கு ஓடையில உக்காந்தவன் எப்பிடி எனக்குப் பின்னாலயே வந்து சேந்தே?”

“உக்காந்தனா? நீ தாண்டுன ஒடனே எந்திரிச்சுட்டேன். நீ எங்க விழுவியோன்னு பின்னாலயே வந்தேன். கிட்ட வந்தா ரோசத்துல இன்னும் வெசையா ஓடுவே. அதனால தள்ளியே வந்தேன். நீ நின்னா நானும் நின்னேன்.” இரண்டு சரம் பறித்துப் போட்டான். “பாறையில உக்காந்தே பாரு, அப்பாடா, நின்னுட்டான், இனி கூட்டிட்டுப் போயிரலாம்னு நெனைச்சேன். பொசுக்குன்னு எந்திரிச்சுப் பேய் புடிச்சவனாட்டம் ஓடுனே. அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.”

சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் மிளகைப் பொறுக்கினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

“நான் நின்னுட்டேன் மச்சான். மனசால நின்னுட்டேன். பின்னால கல்லு உருண்டுச்சு. சிறுத்தைன்னு நெனைச்சேன்.”

மேலேயிருந்து சரம் விழுவது நின்றது. அண்ணாந்து பார்த்தேன். கொடியைப் பிடித்தபடி அவன் மரத்தோடு மரமாக நின்றிருந்தான்.

“அப்ப நாந்தான் உன்னைத் தொரத்தியிருக்கறேன்” என்றான்.

“எட்டாவதா வர வெச்சதும் நீதான்.”

சிரிப்பான் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. மறுபடி பறிக்கத் தொடங்கினான். பொழுது இறங்கியதும் மிளகைக் கூடையில் அள்ளி அவன் தலையில் வைத்துக்கொண்டான். நான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். வீட்டில் என் மனைவி இருவருக்கும் களி கிண்டி வைத்திருந்தாள். இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று கேட்டாள்.

“மொளகு வெலை பேசிட்டிருந்தோம் கண்ணு” என்றான் அவள் அண்ணன். நானும் ஆமாம் என்றேன்.